பட்ஜெட்டுக்குள் சப்வூஃபர்: டேப்பில் தொடங்கி பீரோ கதவில் முடிகிற வேலை

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தம்பி 12 இன்ச் சப்வூஃபர் (பாஸ், அதாவது கனத்த அடிச்சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர் பெட்டி) வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, கடையில கும்முனு இருந்துச்சுங்க, வீட்ல ஒண்ணுமே வரலீங்க." போய்ப் பார்த்தேன், பெட்டியில் ஒரு குறையும் இல்லை. 10-க்கு 10 அறை, சோபா சரியாக நடுவில் கிடந்தது. சோபாவை இரண்டடி பின்னால் தள்ளியதும் பாஸ் வந்துவிட்டது. அந்த அறைக்கு 12 இன்ச் தேவையே இல்லை என்பது தனிக் கதை, அதற்கு அவன் கொடுத்த கூடுதல் பணம் போனது போனதுதான்.

இப்படி நாலைந்து வீடு பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது, எல்லோரும் கடையில் தொடங்குகிறார்கள். கடை ஆறாவது படி. அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய ஐந்து வேலையும் காசில்லாத வேலைதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு அளவு டேப், போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று (கேட்ட ஹெர்ட்ஸில் ஒற்றைச் சத்தம் எழுப்பும், இலவசமாகவே கிடைக்கும்), ஐந்து மீட்டர் ஆர்சிஏ கேபிள் ஒன்று (ஒலி சிக்னல் வயர், இரவல் கிடைத்தால் நல்லது), உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு பாட்டு, ஒரு சண்டைக் காட்சி.

1. அறையை அளந்து எழுதுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்குங்கள். 10×10×10 என்றால் 1000 கன அடி. 20×12 ஹால், 10 அடி உயரம் என்றால் 2400.

இங்கேதான் முதல் தவறு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு இல்லையென்றால் சமையலறையையும் சேர்க்க வேண்டும், மாடிப்படி திறந்து கிடந்தால் அதையும். 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 28 அடி, அதற்கு உங்கள் சமையலறை வாசல் ஒரு தடையே இல்லை. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் டூப்ளெக்ஸ் வீட்டில் "ஹால் சின்னதுதாங்க" என்று சொல்லி 8 இன்ச் வாங்கியவர் வீட்டில், மாடி வராந்தாவரை கணக்கெடுத்தால் 4000 கன அடிக்கு மேல் வந்தது.

அப்புறம் 565-ஐ ஒவ்வொரு அளவாலும் வகுத்து எழுதி வையுங்கள், அளவு அடியில் இருக்க வேண்டும். 10 அடிக்கு 56, 12 அடிக்கு 47, 16 அடிக்கு 35, 20 அடிக்கு 28. இந்த ஹெர்ட்ஸில்தான் அறை தானாகவே அதிரும். மூன்று அளவும் ஒன்றாக இருக்கிற 10×10×10 அறையில் மூன்று அதிர்வும் அதே 56-ல் வந்து உட்காரும், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் 'டொம்' என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். விலை உயர்ந்த சப் வாங்கினால் அந்த டொம் இன்னும் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

2. சுவரையும் கூரையையும் பாருங்கள்

சேலத்து வீடு பெரும்பாலும் செங்கல் சுவர், கான்கிரீட் மேல்தளம். பாஸ் வெளியே போகாமல் உள்ளேயே திரும்புவதால் கதவை மூடிய சின்ன அறையில் ஒரு சாதாரண சப் கூட அடி ஆழம்வரை போகும். ஏற்காட்டில் பழைய எஸ்டேட் வீடு, ஓட்டுக் கூரை, மரத் தளம் என்றால் கதையே வேறு. பாஸ் பாதி கூரை வழியாகவே போய்விடும், அதே அளவு அறைக்கு ஒரு சைஸ் பெரியதாகப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். சப் பெட்டி பெரும்பாலும் எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது), ஈரம் பட்டால் அடிப்பக்கம் ஊதிவிடும். பனி இறங்குகிற வெளிச்சுவரை ஒட்டி நேராக சிமெண்ட் தரையில் வைக்காமல் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். கோனை (முன்னும் பின்னும் அதிர்கிற கூம்பு) சுற்றி ரப்பர் ஓரம் உள்ளதாகப் பாருங்கள், ஃபோம் ஓரம் ஈரத்தில் சில வருஷத்திலேயே பொடிந்து உதிரும். வாங்கி மேலே ஏற்றும்போது 20 ஹேர்பின் வளைவு இருக்கிறது, கார் டிக்கியில் தலையணை வைத்து இறுக்காமல் விட்டால் மேலே போய்ச் சேரும்போது மூலை உடைந்திருக்கும்.

3. ரிசீவரின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

ரிசீவர் என்றால் டிவி, பிளேயரிலிருந்து வரும் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப் பெட்டி. போனில் ஒரு தெளிவான படம். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பின்பக்கம் 'சப்வூஃபர் ப்ரீ அவுட்' என்று ஒற்றை ஆர்சிஏ துளை இருந்தால் உங்களுக்கு வேண்டியது ஆக்டிவ் சப், அதாவது பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்கிற வகை, தனி கரண்ட் வயரோடு வரும். அந்தத் துளையில் சிக்னல் மட்டும்தான் வரும், பவர் வராது. பேசிவ் சப்பை (உள்ளே ஆம்ப் இல்லாத வகை) அதில் மாட்டி "சத்தமே இல்லை" என்று திருப்பிக் கொண்டுபோனவர்களை நானே மூன்று பேர் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது லோக்கல் அசெம்பிள் 5.1 செட் என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற கிளிப்தான் இருக்கும். அதற்குப் பேசிவ் சப் போதும், அல்லது ஸ்பீக்கர் லெவல் இன்புட் உள்ள ஆக்டிவ் சப் தேடுங்கள்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். நிறைய சவுண்ட்பாரில் வெளி சப் மாட்ட வழியே கிடையாது, அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கான வயர்லெஸ் சப் மட்டும்தான் சேரும்.

4. உட்காரும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

சப் எங்கே வைப்பது என்பது பிறகு. நீங்கள் உட்காரும் இடம்தான் பாதி பாஸைத் தீர்மானிக்கிறது. அறை நடுவில் உட்கார்ந்தால் முதல் அதிர்வு அங்கே செத்திருக்கும், தம்பி வீட்டில் நடந்தது அதுதான். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதே அதிர்வு உச்சத்தில் இருக்கும், காது அடைக்கும். சோபா முதுகைச் சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி முன்னால் இழுக்க முடிந்தால் இழுங்கள். இடம் இல்லை என்றால் ஒரு அடியாவது.

இதை ஏன் வாங்குவதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன் என்றால், ஈக்வலைசரால் (ஒவ்வொரு ஹெர்ட்ஸின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதி) மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு பவரை ஏற்றினால் ஆம்ப்தான் சூடாகும்.

5. இன்ச், போர்ட், வாட்ஸ்: எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது.

8 இன்ச்சிலிருந்து 12 இன்ச்சுக்குப் போனால் கோனின் பரப்பு இரண்டேகால் மடங்கு. இது எதற்கு வேண்டும்? அதே சத்தத்தில் ஒரு ஆக்டேவ் கீழே போக, அதாவது 60-லிருந்து 30 ஹெர்ட்ஸுக்கு, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்னக் கோன் அந்தக் காற்றுக்காக முன்னும் பின்னும் ஓடி ஓடிக் கடைசியில் 'டப்' என்று முட்டும். ஆழத்துக்குத்தான் இன்ச், சத்தத்துக்கு இல்லை.

1500 கன அடிவரை மூடிய கான்கிரீட் அறைக்கு நல்ல 8 அல்லது 10 இன்ச் போதும். அதற்கு மேல் 3000வரை 12 இன்ச், போர்ட் (பெட்டியில் காற்றுத் துளை) வைத்தது. இது என் கணக்கு, சட்டம் இல்லை.

சீல்டு பெட்டி துளை இல்லாதது. சைஸ் சிறியது, பாஸ் கீழே மெதுவாகக் குறையும், ஆக்டேவுக்கு 12 டெசிபல். சின்ன அறையில் அறையே கீழ்ப்பக்கம் தூக்கிக் கொடுப்பதால் இரண்டும் பொருந்திப் போகும். போர்ட் வைத்த பெட்டி, அதே விலையில், 30 ஹெர்ட்ஸ் பக்கம் கூடுதல் சத்தம் தரும், ஆனால் போர்ட் டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வேகத்தில் விழும். பெட்டியும் பெரிசு. படம்தான் அதிகம், ஹாலும் பெரிசு என்றால் போர்ட். பாட்டு அதிகம், அறை சின்னது என்றால் சீல்டு. போர்ட் வாங்கினால் பல்லி குடிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாட்ஸ். பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிய எண்) என்று எழுதிய எண்ணை விரலால் மறைத்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் பவர்) எண்ணைத் தேடுங்கள், அது இல்லாத பெட்டியை வைத்துவிடுங்கள். 100 வாட்ஸ் 200 ஆனால் கிடைப்பது 3 டெசிபல்தான், வால்யூமில் ஒரு சின்னத் திருகல். அதற்காக மூவாயிரம், நாலாயிரம் கூடக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அட்டையில் பார்க்க வேண்டிய முக்கியமான எண் எவ்வளவு கீழே போகிறது என்பது. "28 முதல் 150 ஹெர்ட்ஸ்" என்று மொட்டையாக இருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. பக்கத்தில் மைனஸ் 3 டெசிபலா, 6-ஆ, 10-ஆ என்று போட்டிருக்க வேண்டும், அதாவது அந்த ஹெர்ட்ஸில் சத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று. மைனஸ் 3-ல் 35 போகும் பெட்டி, மைனஸ் 10-ல் 28 போகும் பெட்டியைவிட நிஜத்தில் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு.

கார் சப்? வேண்டாம். பேஸ் டியூப் (காருக்கான உருளை சப்) மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அது 12 வோல்ட், அதற்குத் தனியாக நல்ல பவர் சப்ளை வாங்க வேண்டும். அது மூடிய காருக்குள் பாஸ் தானாகவே பெருகும் என்ற கணக்கில் செய்த பொருள், ஹாலில் வைத்தால் மெலிந்துபோகும். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது என்றால் பின்னால் பாருங்கள், 110-120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ம ஊர் பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள்.

6. இப்போது கடைக்குப் போங்கள்

கையில் கன அடி, பின்பக்கப் படம், சீல்டா போர்ட்டா என்ற முடிவு, மூன்றும் இருக்கின்றன. இனி உங்களை 'டெமோ'வால் மயக்குவது கஷ்டம்.

டெமோவில் சப்பின் வால்யூமை எப்போதும் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். உங்கள் பாட்டைப் போடச் சொல்லுங்கள். பாதியில் சப்பை அணைத்துப் போடச் சொல்லுங்கள். அணைத்ததும் பாட்டு வெறுமையாக வேண்டும், போட்டதும் பாஸ் முன்பக்க ஸ்பீக்கரிலிருந்தே வருகிற மாதிரி இருக்க வேண்டும். சப் தனியாக மூலையிலிருந்து பேசினால் ஒன்று செட்டிங் தப்பு, இல்லை பெட்டி தப்பு. அப்புறம் 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். சுத்தமான பெட்டியில் காதைவிடத் தொடைதான் உணரும். 'புஸ் புஸ்' என்று போர்ட்டில் காற்றுச் சத்தம், கோன் முட்டும் சத்தம் எந்த அளவில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி கடையில் கிடையாது.

வீட்டில் ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பில் போடும் முன் கேளுங்கள், பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன், பட்ஜெட்காரனுக்கு அதுதான் உண்மையான லாபம். ஐந்து விரலையும் கோன் மேல் பரப்பி மெதுவாக, நேராக உள்ளே அழுத்துங்கள். பஞ்சு மாதிரிப் போய்த் திரும்ப வேண்டும். சரக் என்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) கருகியோ சாய்ந்தோ இருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஓரத்தை நகத்தால் லேசாகத் தொடுங்கள், பொடி ஒட்டினால் ஃபோம் போய்விட்டது. போர்ட்டில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், சிரிக்காதீர்கள், கருகிய வாசனை வருஷக்கணக்கில் போகாது. கேபிள் மாட்டாமல் ஆன் பண்ணி அரை மணி ஓட விடுங்கள், அப்போதே 'ம்ம்ம்' என்று உறுமினால் ஆம்ப் போர்டில் கோளாறு.

7. சப்பை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் தவழுங்கள்

வீட்டில் எல்லோரும் சிரிக்கும் படி இது. செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், இழப்பும் இங்கேதான் அதிகம்.

நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் சப்பை வையுங்கள். பேஸ் கிடார் தெளிவாக ஓடுகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். டிவி பக்கச் சுவர் ஓரமாக, காது தரையில் வைத்த சப்பின் உயரத்துக்கு வருமாறு தவழ்ந்து போங்கள். ஒரு இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும், இரண்டடி தள்ளினால் ஒரு சுரம் மட்டும் வீங்கும், இன்னும் மூன்றடியில் பாஸே காணாமல் போகும். நன்றாகக் கேட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சப் அங்கே போக வேண்டும். நாற்காலியில் சத்தம், மூலையில் காது என்பதும், மூலையில் சத்தம், நாற்காலியில் காது என்பதும் பாஸுக்கு ஒன்றுதான், அதனால்தான் இந்த வித்தை வேலை செய்கிறது.

மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், வீக்கமும் அதிகம். சின்ன சப், பெரிய ஹால் என்றால் மூலையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நாலு இன்ச் விடுங்கள், சித்திரை வைகாசியில் நம்ம ஊர்ச் சூட்டில் ஆம்ப் மூச்சு விட வேண்டும்.

8. மாட்டுவது, உறுமலை நிறுத்துவது

ஒற்றை ஆர்சிஏ கேபிள், ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து சப்பின் எல்எஃப்இ (பாஸுக்கான தனிச் சேனல்) இன்புட்டுக்கு. இரண்டாகப் பிரிக்கும் கேபிள் கட்டாயம் இல்லை.

உறுமல் வந்தால் முதலில் சப்பிலிருந்து கேபிளைப் பிடுங்குங்கள். உறுமல் நின்றால் அது பெரும்பாலும் எர்த் சுற்று (இணைத்த கருவிகள் வேறு வேறு வழியில் எர்த் ஆவதால் வருவது), சப்பில் குறை இல்லை. அடுத்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் அல்லது கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி வீட்டில் குற்றவாளி அதுதான். ரிசீவர், டிவி, சப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னை உடைத்துவிட்டு "சரி ஆயிடுச்சு" என்கிற வேலை மட்டும் வேண்டாம், ஷாக் அடிக்கும்.

9. செட்டிங்: சப்பில் மூன்று, ரிசீவரில் மூன்று

சப்பில் கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்புக்கு என்று பிரிப்பது) திருகை முழுக்க ஏற்றுங்கள், அல்லது எல்எஃப்இ என்று இருந்தால் அதில் வையுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்யும், இரண்டும் பிரித்தால் நடுவில் ஓட்டை விழும். வால்யூம் பாதியில். ஃபேஸ் (சப்பின் அதிர்வை ஸ்பீக்கரின் அதிர்வோடு ஒத்துப்போக வைப்பது) பூஜ்யத்தில்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று போடுங்கள், உங்கள் ஸ்பீக்கர் ஆளுயரம் இருந்தாலும் சரி. கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். மூன்று இன்ச் குட்டி ஸ்பீக்கர் என்றால் 120, ஆனால் அப்போது சப் இருக்கும் திசை காதுக்குத் தெரிந்துவிடும், முன்பக்கமே வையுங்கள். 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' என்பதை அணைத்துவிடுங்கள், ஒரே பாஸை இரண்டு இடத்தில் கொடுத்துக் குழப்பும்.

பிறகு மைக் வைத்து ஆட்டோ செட்டப். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நிற்கட்டும். அம்மாபேட்டை, குகை பக்கம் பக்கத்து வீட்டில் தறி ஓடினால் தறி நிற்கிற நேரமாகப் பாருங்கள், மைக்குக்குத் தறியும் சப்பும் ஒன்றுதான். முடிந்ததும் சப் லெவல் மைனஸ் 12 என்று கடைசியில் முட்டி நின்றால் சப்பின் வால்யூமைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சப் இருக்கும் தூரம் ஏழடி, ரிசீவர் பதின்மூன்று அடி என்று காட்டினால் திருத்தாதீர்கள், சப்புக்குள் ஆகும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

கடைசியாக 80 ஹெர்ட்ஸ் டோனை ரிசீவர் வழியாக, முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரிப் போட்டு, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது ஃபேஸை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதில் விடுங்கள்.

10. கடகட வேட்டை

கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டில் புது சப்பை "கோன் கிழிஞ்சிருக்குங்க" என்று பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். நான் போய் டோனை 20-லிருந்து 100 வரை மெதுவாக நகர்த்தினேன். 43-ல் 'கிர்ர்ர்' என்றது. சப் மேல் கையை வைத்தேன், சத்தம் அதில் இல்லை. பீரோ கதவைத் தொட்டேன், பாதி நின்றது. மீதிப் பாதி பீரோவுக்கு மேலே ஆணியில் தொங்கிய பிள்ளையார் படத்தின் கண்ணாடி.

ஆகவே டோனை நகர்த்திக்கொண்டே, சத்தம் வரும் எண்ணில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். ஷோகேஸ் கண்ணாடி, டியூப் லைட் பட்டி, ஜன்னல் கொக்கி, எவர்சில்வர் டம்ளர் அடுக்கு. கண்ணாடிக்கு இரண்டு ரப்பர் துண்டு, கதவுக்கு மடித்த அட்டை. பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டினோம், அதோடு அடங்கியது. சப் அதே வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.